எண்ணெய் குடிக்கும் யந்திரம்

காரைக்கால் கடற்கரையில் வரிசையாக அமைந்திருக்கும் மீனவக் கிராமங்களுள் ஒன்றான கருக்களாச்சேரியில், விடியற்காலையில் கரைசேரும் மீன், ஐஸ் பெட்டிக்குள் அடைபட்டு உள்நாட்டுச் சந்தைகளுக்குப் போய்ச் சேரவேண்டுமானால், அந்தப் பிரயாணம் பெரும்பாலும் ஒரு பழைய சிறு சரக்கு வண்டியின் தயவிலேயே நடைபெறுகிறது. தமிழ் மக்கள் ‘குட்டி யானை’ என்று அன்போடு பெயரிட்டு அழைக்கும் டாட்டா ஏஸ் வண்டி சந்தைக்கு வந்தது 2005-ஆம் ஆண்டில். இரண்டே சிலிண்டர்களும் 702 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 16 குதிரைத்திறனும் கொண்ட அந்தச் சின்னஞ்சிறு டீசல் யந்திரம், உப்புக்காற்றிலும் ஐஸ் நீர் சொட்டும் பாரத்திலும் வருஷக்கணக்காக உழைத்து, லட்சக்கணக்கான கிலோமீட்டர்களைக் கடந்தபின், எண்ணெய் குடிக்கத் தொடங்குகிறது.

அளவுகோலை உருவிப் பார்த்தால் எண்ணெய் மட்டம் தாழ்ந்திருக்கும். தரையில் ஒழுகிய அடையாளம் இராது. புகைக்குழாயிலிருந்து மட்டும் நீலம் பாய்ந்த புகை வரும். அந்த நிலையில் ஓர் ஏழை வண்டிக்காரர் உதிரிபாகக் கடையின் முன் நின்று, பல வர்ணக் குப்பிகளைப் பார்த்துக்கொண்டு, “தடிச்ச ஆயிலா ஊத்துங்க, நின்னுடும்” என்று ஒருவரும், “ரிங் போயிடுச்சு, எதை ஊத்தினாலும் ஒண்ணுதான்” என்று மற்றொருவரும் சொல்லக் கேட்டு, எதை நம்புவது என்று திகைக்கிறார். இரண்டு அபிப்பிராயங்களிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்த ஓரளவு எவ்வளவு என்பதை அளந்து சொல்ல வல்லது பௌதிக சாஸ்திரம் ஒன்றே. ஆகையால் குப்பியைக் கையில் எடுக்குமுன், எண்ணெய் யந்திரத்துக்குள் என்ன காரியம் செய்கிறது என்பதை விசாரித்து அறிவது அவசியமாகிறது.

இரண்டு உலோகங்களுக்கு நடுவே

உராயும் பரப்புகளுக்கு இடையே வழுவழுப்பான பொருளைப் பூசினால் உராய்வு குறையும் என்பது மிகப் பழைய ஞானம். காவிரிச் சமவெளியின் மாட்டுவண்டிக்காரர்கள் வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, மசகு என்று பெயரிட்டு, மூங்கிற் குழலில் அடைத்து வண்டியிலேயே தொங்கவிட்டுக்கொண்டு, அவ்வப்போது அச்சில் தடவி வந்தார்கள். ஆனால் அந்த எண்ணெய் எவ்வாறு பாரத்தைத் தாங்குகிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான்.

1883-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் போஷாம்ப் டவர் என்னும் பொறியியலாளர், ரயில் வண்டி அச்சுகளின் தாங்கிகளைப் பரீட்சை செய்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் அவர் ஒரு துவாரம் இட்டபோது, சுழன்றுகொண்டிருந்த அச்சு அந்தத் துவாரத்தின் வழியே எண்ணெயை வெளியே தள்ளிற்று. தக்கையால் அடைத்தார்; தக்கை பிதுங்கி வந்தது. மரமுளை அடித்தார், அதுவும் வெளியேறிற்று. பிறகு அங்கே ஓர் அழுத்தமானியைப் பொருத்தியபோது, அதன் முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு என்ற எல்லையையும் தாண்டிற்று. தாங்கியின் மீது ஏற்றப்பட்டிருந்த பாரத்தைச் சுமந்து நின்றது உலோகமன்று, எண்ணெயே என்பது அப்போது பிரத்தியட்சமாயிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து, 1886-இல், ஆஸ்பர்ன் ரேனால்ட்ஸ் என்னும் விஞ்ஞானி இதன் சூட்சுமத்தைக் கணிதமாக எழுதினார். சுழலும் அச்சு, தன்னோடு ஒட்டிய எண்ணெயைக் குறுகிக்கொண்டே போகும் இடைவெளிக்குள் இழுத்துச் செல்கிறது. அங்கே நெருக்குண்ட எண்ணெயில் அழுத்தம் பிறக்கிறது. அந்த அழுத்தம் அச்சைத் தூக்கி மிதக்கவைக்கிறது. வேகமும், எண்ணெயின் தடிப்பைக் குறிக்கும் பாகுநிலையும் போதிய அளவில் இருக்கும்வரையில், உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை.

அவை போதாமற் போகும் இடங்களும் யந்திரத்துக்குள் உண்டு. பிஸ்டன் மேலேறி, ஒரு கணம் நின்று, கீழே திரும்பும் அந்த உச்சிப் புள்ளியில் வேகம் பூஜ்யமாகிறது. எண்ணெய்ப் படலம் மெலிந்து, பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம் சிலிண்டர்ச் சுவரைத் தொட்டுவிடுகிறது. பழைய யந்திரங்களின் சிலிண்டர்களில் தேய்மானம் அந்த மேல் விளிம்புக்கருகே மிகுதியாக இருப்பதற்கு இது முக்கியமான காரணம். அங்கே உலோகத்தைக் காப்பாற்றுவது எண்ணெயின் பாகுநிலையன்று. அதில் கலந்துள்ள துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மங்கள் உலோகத்தின் மேல் இடும் மெல்லிய ரசாயனப் படிவமே. ஒரு நல்ல எண்ணெய் இந்த இரண்டு காரியங்களையும் செய்யவேண்டும். தடிப்பை மட்டும் பார்த்து வாங்குகிறவர் அவற்றுள் ஒன்றை மறந்துவிடுகிறார்.

குப்பியின் மேலுள்ள எண்கள்

அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமாகிய எஸ்.ஏ.இ., 1911-ஆம் ஆண்டிலேயே எண்ணெய்களைப் பாகுநிலைப்படி வகுக்க முற்பட்டது. இன்று ‘15டபிள்யூ-40’ என்று எழுதியிருந்தால், டபிள்யூ என்ற எழுத்தை ஒட்டிய முதல் எண் குளிர்கால நிலையையும், இரண்டாவது எண் 100 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் எண்ணெயின் நிலையையும் குறிக்கின்றன. 15டபிள்யூ என்ற தகுதிக்கு எண்ணெயைச் சோதிப்பது பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியிலும், 20டபிள்யூ என்ற தகுதிக்குச் சோதிப்பது பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியிலும் ஆகும். மார்கழி விடியலிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் காரைக்கால் கரையில், இந்த முதல் எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதால் பழைய யந்திரத்துக்கு அதிகப் பிரயோஜனம் இல்லை.

நமக்கு முக்கியமானது இரண்டாவது எண். 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் வரை பாகுநிலை உள்ளது 40 என்ற வகுப்பு, 16.3 முதல் 21.9 வரை உள்ளது 50 என்ற வகுப்பு. சாமானியமான 15டபிள்யூ-40 எண்ணெய், 40 டிகிரியில் நூறு சென்டிஸ்டோக்ஸுக்குச் சற்று மேலாக இருந்து, 100 டிகிரியில் ஏறக்குறைய 14.5 ஆகக் குறைந்துவிடும். உஷ்ணத்தால் நேரும் இந்த வீழ்ச்சியைத் தடுப்பதற்காகவே நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை அதில் கலக்கிறார்கள். அவை குளிர்ந்தபோது நூற்கண்டைப்போலச் சுருண்டும், சூடேறியபோது விரிந்தும், எண்ணெயை அதிகம் நீர்த்துவிடாமல் காக்கின்றன. பற்சக்கரங்களின் இடையிலும் தாங்கிகளிலும் நசுங்கி நசுங்கி இந்தச் சங்கிலிகள் நாளடைவில் அறுபடுவதால், காலம் கடந்தும் மாற்றப்படாத எண்ணெய், குப்பியில் எழுதிய வகுப்புக்குக் கீழே இறங்கிவிடுவதும் உண்டு.

எண்ணெயின் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய் ஆகும். கருக்களாச்சேரிக்கு அருகிலேயே நரிமணத்தில் பூமியிலிருந்து கச்சா எண்ணெய் எடுக்கப்படுகிறது. அதனைச் சுத்திகரிக்கப் பனங்குடியில் 1993-இல் ஓர் ஆலையும் இயங்கத் தொடங்கிற்று. ஆயினும் மசகெண்ணெய்க்கான அடிப்படை எண்ணெயைத் தமிழ்நாட்டில் தயாரித்துவந்தது, 1969-இல் உற்பத்தி தொடங்கிய சென்னை மணலி ஆலையே. அடிப்படை எண்ணெயின் ஸ்வபாவம் எண்ணெய் குடிக்கும் யந்திரத்துக்கு மிகவும் முக்கியம். ஏனெனில் எண்ணெய் எரிந்து மட்டும் குறைவதில்லை, ஆவியாகியும் குறைகிறது. நோவாக் என்பாரின் பெயரால் வழங்கும் பரீட்சையில், எண்ணெயை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, எடையில் எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறார்கள். நூற்றுக்கு 15 பங்குக்கு மேல் குறையலாகாது என்பது இக்காலத் தரங்கள் பலவற்றின் நியதி. பிஸ்டனின் மேல் வளையத்தருகே உஷ்ணம் 200 டிகிரியைத் தாண்டுவதால், மலிவான, இலேசான அடிப்படை எண்ணெயால் ஆன குப்பி, வளையங்கள் நன்றாக இருக்கும் யந்திரத்திலும் குறைந்துகொண்டே போகும்.

எந்த வழியாகப் போகிறது?

ஒரு யந்திரம் எண்ணெயை இழக்கும் வழிகள் பிரதானமாக மூன்று. முதலாவது, பிஸ்டன் வளையங்கள். கீழ் வளையத்தின் வேலை, சுவரிற் படிந்த எண்ணெயை வழித்துக் கீழே அனுப்புவது. அது தேய்ந்தாலும், கரி படிந்து தன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டாலும், வழிக்கப்படாத எண்ணெய் மேலேறி எரிகிறது. இரண்டாவது, வால்வுத் தண்டுகளைச் சுற்றியுள்ள ரப்பர் முத்திரைகள். வருஷக்கணக்கான உஷ்ணத்தால் அவை இறுகி நெகிழ்ச்சியை இழக்கும்போது எண்ணெய் துளித்துளியாக இறங்குகிறது. மூன்றாவது, வளையங்களைக் கடந்து கீழே புகும் வாயு, எண்ணெய்ப் பனியைச் சுமந்துகொண்டு சுவாசக்குழாய் வழியே மீண்டும் காற்றுப் பாதைக்குள் வருவது.

எந்த வழி என்பதைப் புகையே ஓரளவு தெரிவிக்கும். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் இயக்கியவுடன் ஒரு மூச்சு நீலப்புகை வந்து பிறகு தெளிந்துவிட்டால், முத்திரைகளின் மேல் சந்தேகம் கொள்ளலாம். பாரம் ஏற்றி வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் தொடர்ந்து நீலப்புகை வந்தால், குற்றம் வளையங்களில் இருப்பதற்கே அதிக நியாயம். கரும்புகை டீசல் சரியாக எரியாததன் அடையாளம். அதற்கு மசகெண்ணெயை மாற்றிப் பயனில்லை.

சந்தேகம் தீர ஒரு பரீட்சை உண்டு. நல்ல மெக்கானிக் ஒருவர், டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் அழுத்தமானியைப் பொருத்தி, யந்திரத்தைச் சுழற்றி, முள் காட்டும் அளவைக் குறித்துக்கொள்வார். பின்னர் அதே துவாரத்தின் வழியே ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல் எண்ணெயை விட்டு மறுபடியும் சுழற்றுவார். அழுத்தம் கணிசமாக உயர்ந்தால், விட்ட எண்ணெய் வளையத்துக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அடைத்திருக்கிறது, ஆகவே தேய்ந்தவை அவையே என்று பொருள். உயராவிட்டால் கசிவு வால்வுகளிலோ, தலைப்பகுதியின் கேஸ்கெட்டிலோ இருக்கக்கூடும். சிறிது நேரத்தில் முடியும் இந்தப் பரீட்சை, பல மாதங்கள் தவறான எண்ணெயை வாங்கும் செலவைத் தடுத்துவிடும்.

அடுத்து, எவ்வளவு குடித்தால் அது நோய்? சில உற்பத்தியாளர்கள் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரையிலும்கூட ஏற்கத்தக்கது என்கிறார்கள். கேட்பதற்கு இது மிகுதியாகத் தோன்றலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், நிமிஷத்துக்கு 2,400 சுற்றுகளோடு ஓடும் இரட்டைச் சிலிண்டர் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1,000 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு 25 மணி நேரம் ஆகும். அதற்குள் யந்திரம் 36 லட்சம் சுற்றுகள் சுற்றும். இரண்டு சிலிண்டர்களிலும் சேர்ந்து 36 லட்சம் தடவை டீசல் எரியும். ஒரு லிட்டர் எண்ணெயை அத்தனை எரிதல்களுக்கும் பங்கிட்டால், சாதாரணமான ஒரு சொட்டு எண்ணெய் ஏறக்குறைய 180 எரிதல்களுக்குப் போதும். எரிதல் ஒவ்வொன்றிலும் இத்தனை அற்பமான அளவே கடந்து செல்கிறது என்பதால், வளையத்தின் மிகச்சிறிய தேய்மானமும் மாதக்கடைசியில் லிட்டராக வந்து நிற்பதில் வியப்பில்லை.

தடித்த எண்ணெயின் எல்லை

இப்போது கடையின் முன் நிற்கும் வண்டிக்காரருக்குக் கிடைத்த முதல் ஆலோசனையை எடுத்துக்கொள்வோம். 15டபிள்யூ-40 எண்ணெய்க்குப் பதிலாக 20டபிள்யூ-50 எண்ணெயை விட்டால், 100 டிகிரியில் பாகுநிலை சுமார் 14.5 என்பதிலிருந்து 18.5 ஆகிறது, அதாவது நூற்றுக்கு 28 பங்கு உயர்கிறது. குறுகிய இடைவெளியில் ஒழுகும் எண்ணெயின் அளவு பாகுநிலைக்கு நேர் எதிரான விகிதத்தில் குறையும் என்பதால், ஒழுக்கு ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறையும். இது உண்மையான ஆதாயமே.

ஆனால் ரேனால்ட்ஸ் எழுதிய அதே கணிதம் மற்றொன்றையும் சொல்கிறது. ஒழுக்கு, பாகுநிலையின் முதற் படியைப் பொறுத்தும், இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தும் அமைகிறது. இடைவெளி இரு மடங்கானால் ஒழுக்கு எட்டு மடங்காகும். பாகுநிலையை இரு மடங்காக்கினால் ஒழுக்கு பாதியாக மட்டுமே குறையும். இதன் விளைவாக, 20டபிள்யூ-50-க்கு மாறியதனால் கிடைத்த ஆதாயம் முழுவதையும், இடைவெளியில் நேரும் நூற்றுக்கு எட்டரைப் பங்கு தேய்மானம் விழுங்கிவிடும். வளையத்தின் செயல் இந்த எளிய கணக்கைவிடச் சிக்கலானதுதான். எனினும் கணக்கு காட்டும் திசை மாறுவதில்லை. தடித்த எண்ணெய் தேய்மானத்தைச் சரிசெய்வதன்று. செப்பனிடுவதற்குக் கால அவகாசம் வாங்கித்தருவது. அந்த அவகாசத்துக்கு உள்ள மதிப்பை, தினசரி வருமானத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் நன்கு அறிவார்கள். அடுத்த மீன்பிடித் தடைக்காலம் வரையில் வண்டி ஓடினால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும் அந்த 61 நாட்களில், மீன் வரத்து குறைந்து வருமானமும் குறைந்திருக்கும் வேளையில், யந்திரத்தைப் பிரித்துச் செப்பனிட்டுக்கொள்ளலாம்.

இந்த நியாயத்தை எல்லையின்றி நீட்டுகிறவர்கள் பற்சக்கரப் பெட்டிக்குரிய ‘90 நம்பர்’ எண்ணெயை யந்திரத்தில் விடத் துணிகிறார்கள். 40-ஐவிட 90 இரு மடங்குக்கு மேல் தடித்தது என்ற எண்ணமே இதற்குக் காரணம். இரண்டும் வெவ்வேறு அளவைகள். 90 என்ற கியர் எண்ணெயின் பாகுநிலை 100 டிகிரியில் 40, 50 என்ற யந்திர எண்ணெய்களின் பாகுநிலையை ஒட்டியே இருக்கிறது. தடிப்பிலும் ஆதாயமில்லை, கரியை அலசித் தாங்கி நிற்கும் சலவைப் பொருள்களும் அதில் இல்லை, பற்சக்கரங்களுக்காகச் சேர்த்த கந்தகச் சேர்மங்கள், செம்பு கலந்த தாங்கிகளை யந்திரத்தின் சூட்டில் அரிக்கவும் கூடும். இக்காரியத்தை எக்காரணம் கொண்டும் செய்யலாகாது.

எதை வாங்குவது?

வண்டியோடு வந்த கையேடு அனுமதிக்கும் வகுப்புகளுக்குள் அதிகத் தடிப்புள்ளதைத் தேர்ந்தெடுப்பதே முதல் விதி. கையேடு 15டபிள்யூ-40 மட்டும் சொல்லி, பரீட்சையில் வளையங்கள் தேய்ந்திருப்பதாகவும் தெரிந்தால், நம் கரையின் உஷ்ணத்தில் 20டபிள்யூ-50 டீசல் எண்ணெயைத் தற்காலிகமாகப் பயன்படுத்திப் பார்ப்பது நியாயமே.

இரண்டாவது, தர எழுத்து. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமாகிய ஏ.பி.ஐ., பெட்ரோல் யந்திர எண்ணெய்களுக்கு ‘எஸ்’ என்றும் டீசல் யந்திர எண்ணெய்களுக்கு ‘சி’ என்றும் தொடங்கும் குறிகளை வழங்குகிறது. 1998-இல் வந்தது சிஎச்-4. 2002-இல் வந்தது சிஐ-4. டீசல் புகைத்தூளைச் சேறாகப் படியவிடாமல் தாங்கி நிற்கும் சக்தி இவற்றில் படிப்படியாக உயர்ந்துள்ளது. சிறு தூரம் ஓடி, மீனுக்காகக் காத்து நின்று, நின்றபடியே இயங்கிக்கொண்டிருக்கும் வண்டியில் கரி படிந்து வளையங்கள் ஒட்டிக்கொள்வது சாதாரணம். அத்தகைய யந்திரத்துக்கு நல்ல சிஐ-4 எண்ணெயை விட்டு, மாற்றும் கெடுவைப் பாதியாகக் குறைத்தால், தேயாமல் ஒட்டிமட்டும் இருக்கும் வளையங்கள் மெல்ல விடுபடவும், எண்ணெய்ச் செலவு தானே குறையவும் இடமுண்டு. இந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான் எண்ணெய் அவகாசத்தோடு பரிகாரத்தையும் தருகிறது.

மூன்றாவது, ரப்பர் முத்திரைகள் இறுகிப்போன யந்திரத்துக்கு, அதிகம் ஓடிய வண்டிகளுக்கென்று தயாரிக்கப்படும் எண்ணெய்களில் சேர்க்கும் எஸ்டர் வகைச் சேர்மங்கள் உதவும். அவை ரப்பரைச் சிறிது உப்பவைத்து நெகிழ்ச்சி தருகின்றன. வெடித்துக் கிழிந்த முத்திரையை அவை ஒட்டவைக்கமாட்டா.

நான்காவது, அமிலத்தை முறிக்கும் காரச்சத்து. டீசலிலுள்ள கந்தகம் எரிந்து அமிலமாவதால் முற்காலத்தில் காரச்சத்து மிகுந்த எண்ணெயே வேண்டியிருந்தது. ‘பாரத் நிலை’ என்னும் வாகனப் புகை விதிகளின் மூன்றாம் படியில் பத்து லட்சத்துக்கு 350 பங்காக இருந்த கந்தகம், 2017 ஏப்ரலில் நாடெங்கும் 50 ஆகவும், 2020 ஏப்ரலில் 10 ஆகவும் குறைக்கப்பட்டுவிட்டது. ஆகையால் இந்த ஒரு சத்துக்காக மட்டும் விலையுயர்ந்த குப்பியைத் தேடவேண்டுவதில்லை. புகைவடிகட்டி பொருத்திய புதிய வண்டிகளுக்கு உரிய சாம்பல் குறைந்த எண்ணெயும் பழைய வண்டிக்கு அவசியமில்லை. ஆனால் பழைய வண்டிக்கு வாங்கிய எண்ணெயைப் புதிய வண்டியில் விட்டால் அதன் வடிகட்டி சாம்பலால் அடைபடும் என்பதை, இரண்டையும் வைத்திருப்போர் நினைவிற் கொள்ளவேண்டும்.

முத்திரை உடைந்த குப்பியையும், பீப்பாயிலிருந்து அளந்து விற்கும் பெயரில்லாத எண்ணெயையும் எந்த விலைக்கும் வாங்கலாகாது. நான்கு விதிகளும் பொருள்படுவது, குப்பியில் எழுதியிருப்பதே உள்ளே இருந்தால்தான்.

உடையவரின் கடமை

எண்ணெய் குடிக்கும் யந்திரம் இறந்துபோவது பெரும்பாலும் எண்ணெய் எரிவதனாலன்று, எண்ணெய் தீர்ந்துபோவதனால். சமதரையில் நிறுத்தி, யந்திரத்தை அணைத்துச் சில நிமிஷங்கள் கழித்து, அளவுகோலைத் துடைத்து மறுபடி செருகிப் பார்க்கும் பழக்கம், உலகத்தின் மிக உயர்ந்த எண்ணெயைக் காட்டிலும் பழைய வண்டிக்கு அதிக ஆயுள் தரும். சேர்த்த அளவையும் அன்றைய கிலோமீட்டரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தால், நோய் நிலைத்து நிற்கிறதா, வளர்கிறதா என்பது சில மாதங்களில் தெளிவாகிவிடும். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் ஆபத்தானது: எண்ணெய் நுரைத்து, காற்றுப் பாதைக்குள் புகுந்து, டீசல் யந்திரம் அந்த எண்ணெயையே எரிபொருளாகக் கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடும் விபரீதம் நேரலாம். அடிக்கடி புது எண்ணெய் சேர்ப்பதால் முழுதாக மாற்றவேண்டியதில்லை என்ற எண்ணமும் தவறு. சேர்ப்பது சத்துக்களைப் புதுப்பிக்குமேயன்றி, கரியையும் சேற்றையும் வெளியேற்றாது.

நோட்டுப் புத்தகத்தில் செலவு மாதந்தோறும் ஏறிக்கொண்டே போனால், இடைவெளியின் மும்மடிக் கணக்கு நம்மை முந்திவிட்டது என்று கொண்டு, வளையங்களையும் தேவையானால் சிலிண்டரையும் புதுப்பிக்கவேண்டும். அந்தச் செலவைத் தள்ளிப்போடுவதற்கு எண்ணெயைத் துணைக்கொள்வது விவேகம்; மறைப்பதற்கு அதைத் துணைக்கொள்வது, தம் கைப்பொருளுக்கும், அந்தப் புகையைச் சுவாசிக்கும் தெருவாருக்கும் செய்யும் தீங்கு. எந்த வழியாகப் போகிறது, எவ்வளவு போகிறது, எத்தனை நாள் தாக்குப்பிடிக்கவேண்டும் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்தவருக்குக் கடைக்காரரின் சிபாரிசு தேவையில்லை. சரியான குப்பியை அவரே கேட்டு வாங்குவார்.